உங்களுக்கென்று தனியாக ஒரு ‘ரேமா’ உண்டா?

கேள்வி: என் மகளுக்கு வெளியூர் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு ஜெபக் கூட்டத்தில் அறிமுகமான தேவ ஊழியர் போன் செய்து, "அவள் அங்கே போகக் கூடாது என்று எனக்கு ரேமா வந்திருக்கிறது" என்கிறார். பைபிளில் இருப்பது லோகோஸ், அது எல்லாருக்கும் பொதுவான எழுத்து. ரேமாதான் ஆளுக்கென்று வரும் உயிருள்ள வார்த்தை, கிரேக்க மூலம் அப்படித்தான் சொல்கிறது என்றார். அதை உறுதிப்படுத்த 10,000 ரூபாய் விதைக் காணிக்கையும் (ஆசீர்வாதம் விளையும் என்று நம்பி முன்கூட்டியே கொடுக்கும் பணம்) கேட்கிறார். முப்பது வருஷமாக வேதம் வாசிக்கிறேன். இத்தனை நாளும் வெறும் எழுத்தைத்தான் வாசித்தேனா?

பதில்: இல்லை, சகோதரி. முதலில் அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

லோகோஸ், ரேமா இரண்டுமே கிரேக்கத்தில் ‘சொல்’லைக் குறிப்பவை. புதிய ஏற்பாட்டில் லோகோஸ் சுமார் 330 இடங்களில் வருகிறது. ரேமா 70-க்குச் சற்றுக் குறைவு. வாயால் சொன்ன சொல் என்ற சாயல் ரேமாவில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். லோகோஸ் இன்னும் விரிந்த சொல். செய்தி, காரணம், கணக்கு என்றெல்லாம் பொருள் தரும். நம் பேச்சில் ‘வார்த்தை’யும் ‘வாக்கு’ம் எப்படியோ, ஏறக்குறைய அப்படி. ஒன்று செத்தது, மற்றது உயிருள்ளது என்ற பிரிவினை கிரேக்கத்தில் இல்லை.

உங்கள் பைபிளிலேயே பாருங்கள். "தேவனுடைய வார்த்தையானது ஜீவனும் வல்லமையும் உள்ளதாயும்" என்கிற எபிரெயர் 4:12-ஐ அந்த ஊழியர் ரேமா என்றுதான் நினைத்திருப்பார். அங்கே இருப்பது லோகோஸ். அப்போஸ்தலர் 10:44-இல் பேதுரு பேசிக்கொண்டிருந்த ‘வார்த்தைகள்’ ரேமா. அதே வசனத்தில் ஜனங்கள் கேட்ட ‘வசனம்’ லோகோஸ். ஒரே வீடு, ஒரே பிரசங்கம், ஒரே வாக்கியம். 1 பேதுரு முதல் அதிகாரத்தில் 23-ஆம் வசனத்தின் ஜீவனுள்ள வசனம் லோகோஸ், 25-இல் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் வசனம் ரேமா. தமிழில் இரண்டுக்கும் ‘வசனம்’ என்றே போட்டிருக்கிறார்கள். அது தவறில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். யோவான் 1:1-இல் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்னும் இடத்தில் இருப்பது லோகோஸ். அங்கே ரேமாவைப் போட முடியாது. 14-ஆம் வசனத்தில் மாம்சமானதும் லோகோஸ்தான். வெளிப்படுத்தல் 19:13-இல் இயேசுவின் நாமமாக வருவதும் அதுவே. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு யோவானில் இதை ‘வாக்கு’ என்று தருகிறது. கிறிஸ்துவுக்குப் பெயராக ரேமா ஓரிடத்திலும் வருவதில்லை. ஆக, இரண்டு சொற்களுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரிகிற இடத்தில், உயர்ந்து நிற்பது அந்த ஊழியர் வெறும் எழுத்து என்று ஒதுக்கும் லோகோஸ். இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? போனில் ஒரு பைபிள் செயலி. சொல்லைத் தொட்டால் ஸ்ட்ராங் எண் வரும்: லோகோஸ் 3056, ரேமா 4487. கீழே பொருள்களின் பட்டியல். அதில் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு "மூல பாஷையில்" என்று மேடையேறிவிடுகிறார்கள். அது ஸ்ட்ராங் என்பவர் தொகுத்து 1890-இல் வெளியான சொல்லடைவிலிருந்து, அதாவது பைபிளில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியலிலிருந்து, வந்த எண். சொல் இருக்கும் இடத்தைக் காட்டும், அந்த வாக்கியத்தில் என்ன பொருள் என்று சொல்லாது. மூல பாஷை என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த வசனம்? அந்தச் சொல் வேறு எங்கே வருகிறது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த விளக்கத்தை விட்டுவிடுங்கள். பதிலோடு வங்கிக் கணக்கு எண்ணும் வந்தால் அந்த ஆளையே விட்டுவிடுங்கள்.

எனக்குக் கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. பல வருஷம் கிரேக்கம் கற்றுக்கொடுத்தவன் நான். மாணவர்கள் தேர்வெழுதுகிறார்கள், பட்டம் வாங்குகிறார்கள், அப்புறம் இலக்கணப் புத்தகம் பரணுக்குப் போய்விடுகிறது. சபையில் தவறான விளக்கம் கேட்டால், தெரிந்த போதகர்களும் சங்கடம் வேண்டாம் என்று வாய் திறப்பதில்லை. விசுவாசிகள் கையில் கொடுக்க எளிய தமிழில் ஒரு சின்னக் கையேடு போடுங்கள் என்று எத்தனை கமிட்டியில் கேட்டிருக்கிறேன்! அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்பார்கள். அதுவரை உங்களைப் போன்றவர்கள் பயந்துகொண்டே இருக்க வேண்டுமா?

மகளின் வேலையைப் பற்றி: சம்பளம், விடுதி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் விசாரியுங்கள், ஜெபியுங்கள், உங்கள் போதகரிடமும் பேசுங்கள். முடிவு அவளுடையது. போனில் வந்த ஒரு கிரேக்கச் சொல்லுக்காக அவள் வேலையை விட வேண்டியதில்லை.

அவர் திரும்பக் கூப்பிட்டால் மத்தேயு 12:36-ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். மனுஷர் பேசும் வீணான வார்த்தைகளுக்கு நியாயத்தீர்ப்பு நாளில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று இயேசு சொல்கிற இடம். ‘வீணான வார்த்தை’ என்பதற்குக் கிரேக்கத்தில் ரேமா என்றிருக்கிறது. ஒப்புவிக்க வேண்டிய ‘கணக்கு’, லோகோஸ்.