வாசகர் கேள்வி: வாங்கிய மென்பொருள் ஏன் பயன்படவில்லை?

கேள்வி: உள்ளாட்சிகளுக்குத் திட்ட வரைபடங்கள் தயாரித்துத் தரும் சிறு நிறுவனம் ஒன்றில், மஞ்சக்குப்பத்தில் பணிபுரிகிறேன். இடத்தோடு அதன் தகவல்களையும் இணைத்துக் காட்டும் புவித்தகவல் மென்பொருளை நிறுவி அனைவருக்கும் பயிற்சி அளித்த பின்னும், பொறியாளர்கள் ஆட்டோகேட் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த பழைய வரைபடங்களையே நாடுகிறார்கள். மறுபடியும் பயிற்சி கொடுத்தால் மாறுமா?
– வாசகர் ஒருவர், கடலூர்

பதில்: பயிற்சியால் மட்டும் மாறாது. இதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். பழைய வரைபடத்தின் அளவுகளை எடுத்தவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும்; புதிய திரையில் தெரிவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஐயம் நியாயமானது என்றே கருதுகிறேன்.

மழைநீர் வடிகாலை எடுத்துக்கொள்வோம். இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் பதிவானது. சுமார் 30 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரமே அதில் உண்டு. மரங்களும் கூரைகளும் தரையோடு கலந்திருக்கும். மலைப்பகுதிக்கு அது ஓரளவு உதவும். ஆனால் கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் கடலூர் போன்ற சமதளத்தில், சில மீட்டர் பிழை நேர்ந்தாலே தண்ணீர் ஓடும் திசை தலைகீழாகத் தெரியும். தெருவில் ஆட்டோ லெவல் என்ற அளவைக் கருவியை வைத்து எடுத்த மட்டங்களை, அதாவது தரை உயரங்களை, ஏற்றாத வரை, திரையில் தெரிவதைப் பொறியாளர் நம்பவும் கூடாது.

நிலங்களின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படங்களிலும் கவனம் தேவை. பழைய அளவுகள் லிங்க்ஸில், அதாவது அளவைச் சங்கிலியின் கண்ணிக் கணக்கில் இருந்தால், 100 லிங்க்ஸ் கொண்ட சங்கிலி 66 அடி, அதாவது ஏறக்குறைய 20.12 மீட்டர். அதை 20 மீட்டர் மெட்ரிக் சங்கிலி என்று கொண்டு கணினியில் ஏற்றினால், சங்கிலிக்கு 12 சென்டிமீட்டர் குறைந்து, பக்கத்துப் புலத்தின் எல்லையோடு பொருந்தாமல் போகும்.

ஆகவே எல்லாப் பணிகளையும் ஒரே நாளில் மாற்ற முயலாமல், ஒரு வார்டின் வடிகால் பணியை மட்டும் தேர்ந்தெடுத்து, மட்டம் எடுப்பது முதல் செலவு மதிப்பீடு தயாரிப்பது வரை புதிய முறையிலேயே செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தத் தெருமுனையில் எவ்வளவு நேரம் நீர் நிற்கிறது என்பதைத் துப்புரவுப் பணியாளர்களிடம் கேட்டு, அதையும் வரைபடத்தில் சேருங்கள். அப்பகுதியை நாள்தோறும் அறிந்தவர்கள் அவர்களே.

கியூஜிஐஎஸ் என்ற புவித்தகவல் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. அதைப் பயன்படுத்தினால் மிச்சமாகும் பணத்தைக் கள அளவீட்டுக்கும், தரவைத் திருத்தும் பொறுப்புள்ள ஒருவரின் ஊதியத்துக்கும் ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் வலியுறுத்துங்கள். ஒவ்வொரு மட்டத்தோடும் அளந்தவர் பெயரும் தேதியும் பதிவாக வேண்டும். அவையின்றி வரும் எதையும் அந்தப் பொறுப்பாளர் ஏற்றக் கூடாது.