அமெரிக்க ஐபோனில் நம்மூர் சிம் எடுக்கவில்லை: கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு கடையில் 19 நாளுக்கு முன் பழைய ஐபோன் 13 ஒன்றை 27,500 ரூபாய்க்கு வாங்கினேன். ‘யூஎஸ் பீஸ், எந்த சிம் போட்டாலும் எடுக்கும்’ என்று வாட்ஸ்ஆப்பிலேயே எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்டேட் போட்டதும் ‘சிம் நாட் சப்போர்ட்டட்’ என்கிறது. கேட்டால், பில்லில் உள்ள ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியைக் காட்டுகிறார்கள். என்ன செய்வது? - வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் சிம் டிரேயை வெளியே இழுத்துப் பாருங்கள். உங்கள் சிம்மோடு ஒட்டிக்கொண்டு காகிதம் போல மெல்லிய சில்லு ஒன்று வந்தால் விஷயம் புரிந்துவிடும். ஆர்-சிம் என்பார்கள். உங்கள் போன் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் சிம்முக்கு மட்டும் லாக் ஆனது. உள்ளே இருப்பது அந்த நிறுவனத்தின் சிம்தான் என்று போனை நம்பவைப்பது இந்தச் சில்லின் வேலை. அப்டேட் வந்தால் பல நேரம் குட்டு உடைந்துவிடும். அப்புறம் செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் போய் ‘கேரியர் லாக்’ வரியைப் பாருங்கள். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இல்லையென்றால் லாக் இன்னும் இருக்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

2017-ல் வந்த ஜியோபோன் போன்ற ஒன்றிரண்டைத் தவிர நம்மூரில் போன்கள் லாக் இல்லாமலே விற்கின்றன. அதனால் வாங்குகிறவர்களுக்கு இதைக் கேட்கவே தோன்றுவதில்லை. அமெரிக்காவில் தவணையில் போனைக் கொடுத்து, பாக்கி தீரும்வரை பூட்டி வைப்பது வழக்கம். அன்லாக் செய்யும் உரிமைக்கு 2014 ஆகஸ்டில் அங்கே தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் ஐபோன் பூட்டை முறையாகத் திறக்க அந்த சிம் நிறுவனம்தான் மனம் வைக்க வேண்டும்: தவணை பாக்கி இருக்கக் கூடாது, தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ புகாரும் இருக்கக் கூடாது. முதலில் வாங்கியவர் யாரென்றே தெரியாத நீங்கள் அந்த வழியில் அலைவது வீண். உங்கள் வழக்கு கடைக்காரர் சொன்ன பொய்யின் மேல்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 2(47) பிரிவின்படி, பொருளின் தரம், பயன்பாடு பற்றிப் பொய் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. ‘திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது காலக்கெடு ஆகாது. உங்களுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தரச் சொல்லி இன்றே வாட்ஸ்ஆப்பில் எழுதுங்கள். அதையே கடிதமாக ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மசியாவிட்டால் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே வழக்குப் போட 34-வது பிரிவு இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. (தொழிலுக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.) இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு என்றாலும் ஆறப்போடாதீர்கள்.

நடுவில் கடைக்காரர், ‘கொண்டு வாங்க, ஐஎம்இஐ-யை மாற்றிச் சரி பண்ணித் தருகிறேன்’ என்று சொல்லலாம். போகவே போகாதீர்கள். ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண். அந்த எண்ணில் கை வைப்பது தொலைத்தொடர்புச் சட்டம், 2023-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று போகக்கூடிய குற்றம். கையோடு, ‘கேஒய்எம்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். ‘பிளாக்லிஸ்டட்’ என்று பதில் வந்தால் போனைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பில்லோடு காவல் நிலையம் போங்கள்.

விஷயம் முடியும்வரை போனை ரீசெட் செய்ய வேண்டாம், வாட்ஸ்ஆப் உரையாடலை அழிக்க வேண்டாம். சில்லு கிடைத்தால் அதை ஒரு கவரில் போட்டு பில்லோடு சேர்த்து வையுங்கள். லாக் இருப்பது கடைக்காரருக்குத் தெரியும் என்று காட்ட உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி அதுதான்.