டேஷ்போர்டு சொல்லும் கணக்கும் கையில் உள்ள கணக்கும்: கேள்வி பதில்

சார், அலுவலகக் கணினிகளைப் பதிந்து வைக்கும் ஸ்னைப்-ஐடி மென்பொருளின் டேஷ்போர்டில் 212 லேப்டாப் காட்டுகிறது. நேரில் எண்ணினால் 190கூடத் தேறவில்லை. மென்பொருளில் கோளாறா?

கோளாறு இல்லை. ஸ்னைப்-ஐடி தானாக நெட்வொர்க்கைத் துழாவாது. நீங்கள் பதிந்ததைத்தான் கூட்டிச் சொல்லும். பழைய இரும்புக்குப் போன லேப்டாப்பை ஆர்க்கைவ்டு (பயன்பாட்டிலிருந்து விலக்கியது) வகை ஸ்டேட்டஸுக்கு மாற்றாமல் விட்டால், ஏட்டில் அது உயிரோடுதான் இருக்கும். கஸ்டம் ரிப்போர்ட்டில் ஸ்டேட்டஸ், யாரிடம் உள்ளது, கடைசி ஆடிட் தேதி (பொருளைக் கடைசியாக நேரில் சரிபார்த்த நாள்) மூன்றையும் எடுத்து, தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தேதி காலியாக இருக்கும் வரிகளிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

நாங்கள் கணினிகளைக் கணக்கெடுக்க ஜிஎல்பிஐ மென்பொருளை வைத்து, விவரங்களைத் தானாக அனுப்பும் அதன் ஏஜென்ட் நிரலை ஒவ்வொரு கணினியிலும் போட்டிருக்கிறோம். அசெம்பிள் செய்த கணினிகள் பலவற்றுக்கும் ஒரே சீரியல் எண் வருகிறதே?

அந்த இடத்தில் ‘டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.’ அல்லது ‘டீஃபால்ட் ஸ்ட்ரிங்’ என்று இருக்கிறதா பாருங்கள். மதர்போர்டு தயாரித்தவர் நிரப்பாமல் விட்ட இடம் அது; பயாஸில் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளில்) இருப்பதை ஏஜென்ட் அப்படியே வாசிக்கிறது. இதை நம்பினால் இரண்டு கணினி ஒன்றாகிவிடும், ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறையும். ஜிஎல்பிஐயில் இதற்கென்றே பிளாக்லிஸ்ட் (கணக்கில் எடுக்கக் கூடாத சொற்களின் பட்டியல்) உண்டு. உங்கள் போர்டு தரும் சொல் அதில் இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். அப்புறம், கடைசி இன்வென்டரி தேதி (ஏஜென்ட் கடைசியாக விவரம் அனுப்பிய நாள்) இல்லாத பட்டியலை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏஜென்ட் பேசாமல் மாதக்கணக்கில் கிடக்கும் கணினியும் பட்டியலில் நல்லபிள்ளையாக நிற்கும்.

விண்டோஸ் 10 கணினிகளில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் ரிப்போர்ட் கேட்கிறது. எதை வைத்துப் பிரிப்பது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும். பெரும்பாலும் கழுத்தைப் பிடிப்பது ப்ராசசர்தான். ‘கோர் ஐ5’ என்று மட்டும் பதிந்திருந்தால் அந்த ரிப்போர்ட் எதற்கும் ஆகாது: ஐ5-7500 தேறாது, ஐ5-8400 தேறும். முழு மாடல் எண் வேண்டும். பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். ரேம் அல்லது எஸ்எஸ்டி சேர்த்தால் பிழைப்பவை ஒன்று, மாற்றியே ஆக வேண்டியவை இன்னொன்று. நிர்வாகம் பணம் ஒதுக்கப்போவது இரண்டாவதைப் பார்த்துத்தான். டிபிஎம் இல்லை என்று வந்த கணினியைக் கழிக்கும் முன் பயாஸைத் திறந்து பாருங்கள். பல போர்டுகளில் அது இருக்கும், அணைத்து வைத்திருப்பார்கள்.

ஸ்னைப்-ஐடி தேய்மான ரிப்போர்ட் எங்கள் ஆடிட்டர் கணக்கோடு ஒத்துப்போகவில்லை, அண்ணா.

ஒத்துப்போகாதுதான். மென்பொருள் வழக்கமாக நேர்கோட்டு முறையில், அதாவது மாதாமாதம் ஒரே தொகையாகக் கழிக்கும். 60,000 ரூபாய் லேப்டாப்பை 36 மாதம் என்று வைத்தால், ஓராண்டு கழித்து 40,000 நிற்கும். வருமான வரிக்கு இந்தியாவில் கணினிக்கு 40 சதவீதம், குறைந்துவரும் மதிப்பின் மேல். அதன்படி அதே லேப்டாப் 36,000. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதி விகிதம்தான் என்பதால் 48,000 ஆகும். கம்பெனிச் சட்டத்தின் மூன்றாண்டு ஆயுள் வேறு கணக்கு. ஆடிட்டரிடம் வாங்கிய தேதி, விலை, பில் எண் மட்டும் கொடுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

மேனேஜர் டேஷ்போர்டில் பத்து விளக்கப்படம் கேட்கிறார்.

எதைப் பார்த்து அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். மூன்றில் நிற்கும்.

மென்பொருளிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகின்றன. மொபைல்களின் அடையாள எண்ணான ஐஎம்இஐயில் நடுவே ஆங்கில எழுத்து ‘E’ வருகிறது.

இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். டேட்டா மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக உள்ளே எடுத்து, எழுத்துக் குறியீடாக 65001 யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஐஎம்இஐ, அசெட் டேக் (பொருளுக்கு நீங்கள் கொடுத்த எண்) நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என மாற்றுங்கள். இல்லையேல் 00417 என்ற டேக் 417 ஆகிவிடும். சுருங்கிய ஐஎம்இஐயோடு சிஎஸ்வியாகவே சேமித்து, அதையே மறுபடி மென்பொருளில் ஏற்றினால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். இதுவரை ஏற்றவில்லையென்றால் அந்தக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.