வாசகர் கேள்வி–பதில்: நீலகிரியைவிடப் பெரிய பனிப்பாறை

கேள்வி: ஏ23ஏ என்ற பனிப்பாறை முப்பது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் கிடந்துவிட்டுப் பிறகு கிளம்பிப் போனதாகப் படித்தேன். ஆள் நடமாட்டமே இல்லாத கடலில் அது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? இங்கே மேகம் இறங்கினால் எனக்கு எதிர்வீடே தெரிவதில்லை!
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அங்கேயும் உங்கள் எதிர்வீட்டுக் கதைதான். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல்மேல் பெரும்பாலான நாள் மேகம், போதாக்குறைக்குக் குளிர்காலத்தில் சூரியனும் சரியாக எட்டிப் பார்ப்பதில்லை. சாதாரணமாகப் படம் எடுக்கும் செயற்கைக்கோள் வெள்ளைப் போர்வையைத்தான் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் பாதி வேலைக்கு மேல், தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதை வைத்துப் படம் பிடிக்கும் ரேடார் செயற்கைக்கோள் செய்கிறது. 2014-இல் தொடங்கிய ஐரோப்பாவின் சென்டினல்-1 அந்த வகை, நம் இஓஎஸ்-04, 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நைசார் இரண்டும் அதே வகைதான். ரேடார் அலைக்கு மேகமும் இருட்டும் ஒரு பொருட்டே இல்லை. அமைதியான கடலில் பட்ட அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடுவதால் படத்தில் கடல் கறுப்பாகவும், பனி வெளேரென்றும் விழும். ஆனால் கோடையில் பனியின் மேல்பரப்பு நனைந்துவிட்டால் அதுவும் அலையை உறிஞ்சிக் கறுத்துவிடுகிறது, காற்றடித்தால் கடல் வெளுத்துவிடுகிறது. அப்போது கம்ப்யூட்டரை மட்டும் நம்ப முடியாது, ஆள் உட்கார்ந்து போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் வைத்து ஓரங்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

பெயரும் இதற்காகவே வைப்பதுதான். அமெரிக்காவின் தேசியப் பனி மையம் அண்டார்டிகாவை நான்கு கால்வட்டமாகப் பிரித்து ஏ, பி, சி, டி என்று எழுத்து கொடுத்திருக்கிறது. ஏ பக்கத்தில் உடைந்தவற்றில் 23-ஆவது பாறை ஏ23. அது உடைந்தபோது பெரிய துண்டுக்கு இன்னொரு ஏ சேர்ந்தது. நீளம் பத்துக் கடல் மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர் இருந்தால் பட்டியலில் இடம் உண்டு.

ஏ23ஏ அண்டார்டிகாவின் வெட்டல் கடலோரத்து ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து நீண்டு கடல்மேல் மிதக்கும் பனிப்பரப்பிலிருந்து, பிரிந்தது 1986-இல். பரப்பு ஏறக்குறைய 4,000 சதுர கிலோமீட்டர். நம் நீலகிரி மாவட்டம் மொத்தமும் சுமார் 2,500தான், கூடலூர், பந்தலூர் எல்லாம் சேர்த்து! அதன்மேல் ஒரு சோவியத் ஆய்வு நிலையமும் இருந்தது, அதிலிருந்த கருவிகளைப் பிறகு ஆள் அனுப்பி மீட்டார்கள். கொஞ்ச தூரம் நகர்ந்ததும் அடிப்பாகம் கடல்தரையில் தட்டி நின்றுவிட்டது. அசையத் தொடங்கியதை 2020-இல்தான் கவனித்தார்கள்.

கேள்வி: ஊட்டி ஏரியில் துடுப்பு போடாமல் விட்டால் படகு காற்றடிக்கிற பக்கம் போகிறது. பனிப்பாறையையும் காற்றுதானே தள்ளும்? அது போகும் வழியைச் சொல்லும்போது நீரோட்டத்தை எதற்குப் பேச்சில் இழுக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், உதகை

பதில்: சின்னப் பாறை என்றால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏ23ஏ-வின் சராசரிக் கனம் 280 மீட்டர் என்று கிரையோசாட்-2 செயற்கைக்கோள் அளந்தது. நீருக்கு மேலே நிற்கும் உயரத்தை அளந்தால் போதும், அடியில் எவ்வளவு என்று கணக்கு சொல்லிவிடும். மேலே தெரிவது முப்பது நாற்பது மீட்டர், மிச்சமெல்லாம் தண்ணீருக்குள். ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி டன் எடையை உங்கள் ஏரிக்காற்று என்ன செய்யும்?

நீரோட்டத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டுகிறேன். கடல் மட்டமாக இருக்கிறது என்று நினைக்கிறோம், இல்லை, அங்கங்கே மீட்டர் கணக்கில் மேடும் பள்ளமும் உண்டு. செயற்கைக்கோள்கள் அதையும் அளக்கின்றன, 2013-இல் நாமும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய சரல் செய்ததும் அந்த வேலைதான். மேட்டுத் தண்ணீர் நேரே பள்ளத்துக்கு இறங்கியிருக்க வேண்டும், ஆனால் பூமி சுற்றுவதால் தென்கோளத்தில் அது இடப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் இறங்கவே இறங்காமல் சரிவைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. தேயிலைத் தோட்டத்தில் செடிவரிசை மேலிருந்து கீழே இறங்காமல் குன்றைச் சுற்றி ஒரே உயரத்தில் வளைந்து போகும் இல்லையா, அப்படி. மேடு எங்கே என்று தெரிந்துவிட்டால் வரிசை எப்படிப் போகும் என்று வரைந்துவிடலாம், பெரிய பனிப்பாறை அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. ஏ23ஏ வெட்டல் கடலின் வலஞ்சுழியில் வடக்கே ஏறி, அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் கிழக்கு நீரோட்டத்தில் சேரப் போனது இப்படித்தான்.

அதற்காக எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2024-இல் தெற்கு ஆர்க்னி தீவுகளுக்குப் பக்கத்தில் அது மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நாளுக்கு 15 பாகை வீதம் தட்டாமாலை சுற்றியது. கடலடியில் பைரி பேங்க் என்று சுமார் நூறு கிலோமீட்டர் அகல மேடு. அதில் மோதிப் பிரியும் நீரோட்டத்துக்கு நடுவே, மேட்டின்மேல் நிற்கும் தண்ணீர் ஒரு தூண்போலத் தனியாகச் சுழலும். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1920-களிலேயே சுழலும் தொட்டியில் செய்து காட்டிய விஷயம் இது. அப்படிப்பட்ட தூணுக்குள் இவ்வளவு பெரிய பாறை போய் மாட்டியது வேடிக்கைதான். டிசம்பரில் விடுபட்டு, 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவருகே தரை தட்டியது. பெங்குவின்கள் இரைதேடப் போகும் வழி அடைபடுமோ என்று பயந்தார்கள், மே மாதம் அங்கிருந்தும் கிளம்பிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரங்கள் உடைந்து உடைந்து, அந்தச் செப்டம்பரில் பாதிக்கும் கீழே சுருங்கிப்போனது. எங்கே இருக்கிறது என்று சொல்வது சுலபம், எப்போது உடையும் என்று கேட்டால்தான் தலையைச் சொறிகிறார்கள்.

கேள்வி: அப்படி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தால் எங்கள் ஊர்க் கோடைப் பஞ்சம் தீருமா?
– குடத்தோடு காத்திருப்பவர், குன்னூர்

பதில்: சிரிக்கலாம், ஆனால் சவுதி இளவரசர் முகமது அல்-ஃபைசல் இதே யோசனையோடு 1977-இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு மாநாட்டுக்கே பணம் கொடுத்தார். யாரும் இன்றுவரை அண்டார்டிகப் பாறை ஒன்றைப் பூமத்திய ரேகை தாண்டி இழுத்து வந்ததில்லை. வழியில் உருகும், அதைவிட, நீரோட்டம் வேறு பக்கம் போகச் சொல்லும்போது இழுக்கிற கப்பல் என்ன செய்ய முடியும்? அப்படியே வந்தாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்ற வேண்டுமே ஐயா. அணையைத் தூர்வாரச் சொல்லி மனு எழுதுங்கள், செலவு குறைவு.