மகனுக்கு கேமரா வாங்கிக் குடுக்கலாமா எண்டு கேட்ட அம்மாவுக்கு

அம்மா, நீங்க கேட்டது ரெண்டு விசயம். மகன் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதிட்டு வீடியோ வேலைதான் படிப்பன் எண்டு நிக்கிறான், விடலாமா? விட்டா நகையை அடகு வச்சு கேமரா வாங்கிக் குடுக்கலாமா? படிக்க விடுங்க. நகையில இப்ப கைவைக்க வேணாம்.

ஏனெண்டா மட்டக்களப்புல நல்ல கேமரா வச்சிருக்கிற பொடியனுகளுக்குக் குறைவில்ல, கலியாண வீடு, திருவிழா எண்டா ட்ரோனோட வாறாங்க, படமும் வடிவாத்தான் இருக்கும், ஆனா சத்தத்தைக் கேட்டா ஐயர்ட மந்திரமும் மேளமும் ஜெனரேட்டரும் ஒண்டாக் கலந்து கிடக்கும், திரையில கீழ போற பேர் எழுத்தும் மங்கலா இருக்கும். இந்த ரெண்டையும் ஒழுங்காச் செய்றவன தேடித்தான் பிடிக்கணும். உங்கட மகன் அந்த ஆளா வரட்டும்.

ஒரு கூத்தை எடுத்துப் பாருங்க. கூத்தைப் பழக்கி நடத்துற அண்ணாவியார்ட மத்தளம், சல்லரி எண்ட தாளம், பிற்பாட்டு, ஆடுறவங்கட சலங்கை எல்லாம் களரியில, அதாவது கூத்தாடுற மேடையில, ஒரே நேரம் கேக்கும். கேமராவுல இருக்கிற மைக்கை மட்டும் நம்பினா மத்தளம் பாட்டை விழுங்கிரும், எல்லாச் சத்தத்தையும் ஒரே ட்ராக்ல (ஒரே பதிவுல) பதிஞ்சிட்டா பிறகு சுத்தமாப் பிரிச்செடுக்கிறது பெரும்பாடு. அதால நாலு சத்தத்தைத் தனித்தனியாப் பதியிற நாலு சேனல் ரெக்கோர்டர் ஒண்டை வாடகைக்கு எடுத்து மத்தளத்துக்கு ஒரு மைக், பாடுறவங்களுக்கு ஒண்டு, சபைச் சத்தத்துக்கு ஒண்டு, சவுண்ட் சிஸ்டம்காரர்ட மிக்சர்ல இருந்து ஒரு லைன் எண்டு தனித்தனியாப் பதியச் சொல்லுங்க. ரெக்கோர்டர்ல வைக்க வேண்டிய செட்டிங் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைல், சத்த அளவு காட்டுற மீட்டர்ல சத்தம் உச்சத்துக்குப் போகேக்கயும் மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல நிக்கிற மாதிரி. தொடக்கத்துல கேமராவுக்கு முன்னால ஒரு கைதட்டு, அதை வச்சு படத்தையும் சத்தத்தையும் பொருத்தலாம். விடிய விடிய நடக்கிற கூத்து எண்டா ஒரு தட்டு காணாது, கேமராவுட கடிகாரமும் ரெக்கோர்டர்ட கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமா விலகும், மணித்தியாலக் கணக்குல போகப் போக வாயசைவும் பாட்டும் தப்பிப் போகும். இடைக்கிடை தட்டணும்.

கூத்து இல்லாத நாள்ல வீட்டுக் கம்ப்யூட்டர்லயே பழகலாம். ஓபிஎஸ் ஸ்டூடியோ எண்ட வீடியோ பதியிற மென்பொருள் இலவசம், ஆறு ஓடியோ ட்ராக் வரைக்கும் தனித்தனியாப் பதியும், மைக்கை ஒண்டுலயும் கம்ப்யூட்டர் சத்தத்தை இன்னொண்டுலயும் போடட்டும். சாதாரண பிளேயர்ல முதல் ட்ராக் மட்டும்தான் கேக்கும், மற்றது பதியல்ல எண்டு பயப்படாம எடிட்டிங்ல திறந்து பாக்கச் சொல்லுங்க. எம்கேவி எண்ட ஃபைல் வகையாச் சேமிச்சா கரண்ட் போனாலும் அதுவரைக்கும் பதிஞ்சது தப்பும்.

எழுத்துக்கு வருவம். இதுல தமிழுக்குத்தான் கூடப் பாதிப்பு, மங்கினா புள்ளி முதல்ல போயிரும், க் எண்டது க எண்டு நிக்கும், பேரே மாறிரும். வீடியோவைச் சுருக்கேக்க வெளிச்சத்துட அளவுக்கு நிறத்தை விவரமா வச்சிருக்கிறதில்ல, பெரும்பாலும் நாலு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான், அதால நீலத்துல சிவப்பு எழுத்து விளிம்பு கலங்கும், கறுப்பு விளிம்பு போட்ட வெள்ளை எழுத்து கூராவே நிக்கும். பாடசாலை லோகோவை வட்சப்ல படமா அனுப்பினா அது சுருக்கிப்போடும், டொக்குமென்டா அனுப்பச் சொல்லி எவ்வளவு பெருசாக்கினாலும் கலங்காத எஸ்விஜி ஃபைலா, இல்லாட்டி பெரிய பிஎன்ஜி படமா வாங்கணும், சின்னதை இழுத்துப் பெருசாக்கவே கூடாது. யூடியூப்புக்கு ஏத்தேக்க 1080பி, 30 ஃப்ரேம் எண்டா யூடியூப் சொல்றதே 8 எம்பிபிஎஸ் (ஒரு செக்கனுக்கு 8 மெகாபிட் தரவு), அதுக்குக் குறைச்சா எழுத்தைச் சுத்திக் கட்டம் கட்டமாத் தெரியும்.

படிப்புக்கு, கல்லடியில கிழக்குப் பல்கலைக்கழகத்துட சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துல கட்புல தொழில்நுட்பக் கலை இருக்கு, பட்டம் வேணும் எண்டா அதுக்கும் விண்ணப்பிக்கட்டும். தனியார் கோர்ஸ் எண்டா காசு கட்ட முன்னம் தொழிற்கல்வி ஆணைக்குழுவுல பதிஞ்ச இடமா, என்விகியூ எண்ட தேசிய தொழில் தகைமையில எத்தினையாம் மட்டம் தருவாங்க எண்டு கேளுங்க, 4 கிடைச்சா பிறகு 5, 6 எண்டு டிப்ளோமாவுக்குப் போக வழி இருக்கு. இத்தினை மாசம் எண்டு மட்டும் சொல்லி மட்டத்தைச் சொல்லாம மழுப்பினா எழும்பி வாங்க.

இப்போதைக்கு ஊர்ல அடுத்து நடக்கிற ஒரு கூத்தையோ பசனையையோ கையில இருக்கிற ஃபோனோட வாடகை ரெக்கோர்டரை வச்சு எடுத்து, அஞ்சு நிமிசத் துண்டா வெட்டி, பேர் போட்டு, நாலு ட்ராக்கையும் தனியா எனக்கு அனுப்பச் சொல்லுங்க. கேட்டுப்போட்டு கேமராவைப் பத்தி மகனோடயே கதைக்கிறன்.