மூன்று நாளில் மாற்றுகிறேன் என்கிறார்!

கேள்வி: எட்டு மாதமாகக் கைபேசியில் வீடியோ பார்த்து தியானமும் பிராணாயாமமும் செய்கிறேன். 16 எண்ணி மூச்சை இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடுகிறேன். இரண்டு மாதமாகத் தூக்கமே இல்லை. உச்சந்தலை பாரமாக இருக்கிறது. முதுகெலும்பின் அடியில் உறங்குவதாகச் சொல்லும் குண்டலினி சக்தி எழும்பிவிட்டது என்கிறார்கள். பக்கத்து ஊரில் ஒருவர், மூன்றே நாளில் தீட்சை தந்து ஆளையே மாற்றிக்காட்டுகிறேன் என்கிறார். ரமணருக்குக் குரு ஏது? எனக்கு மட்டும் எதற்கு?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மூச்சை அடக்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் இன்னும் எத்தனை இரவுகள் விழித்துக் கிடப்பீர்களோ என்பதுதான் என் கவலை. டாக்டரைப் பாருங்கள், ரத்த அழுத்தத்தைச் சோதியுங்கள். குண்டலினியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதிய 16, 64, 32 கணக்கு திருமூலர் சொன்னதுதான். ஆனால் இயமம் (தீயதை விலக்குவது), நியமம் (நல்லதைக் கடைப்பிடிப்பது), ஆதனம் (உட்காரும் முறை) எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவர் அதற்கு வருகிறார். பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் பிராணாயாமம் நான்காவது படி, தியானம் ஏழாவது. முதல் மூன்று படிகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல் மூச்சையும் மெள்ள மெள்ளத்தான் வசப்படுத்த வேண்டும், தவறினால் செய்பவனையே அது கொன்றுவிடும் என்று ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் எச்சரிக்கிறது. வீடியோவில் பேசுகிறவருக்கு உங்கள் முகம் சிவப்பதும் தோள் இறுகுவதும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசானுக்குத் தெரியும். "போதும், எழுந்திரு. ஒரு மாதம் மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் பார்" என்று முதல் வாரமே சொல்லியிருப்பார். குரு எதற்கு என்று கேட்டீர்களே, முதலில் இதற்குத்தான்.

ரமணரைப் பாதியோடு நிறுத்தாதீர்கள். 1896-இல் மதுரையில் 16 வயதுப் பையனுக்குத் திடீரென மரணபயம் வந்தது. படுத்துக்கொண்டு, சாவது எது என்று உள்ளே தேடினான். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர், பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரித்தது தெரியாமல் அமர்ந்திருந்தார். மனித குரு அவருக்கு இல்லை, உண்மை. ஆனால் அருணாசலமே என் குரு என்றவரும் அவரே. 1950-இல் உடல் விழும்வரை அந்த மலையை விட்டு அகலவில்லை. உங்களால் அப்படி ஓரிடத்தில் இருக்க முடிந்தால் உங்களுக்கும் மனித குரு தேவைப்படாமல் போகலாம்.

மூன்று நாள்காரருக்கு வருகிறேன். திருச்சியில் நாயக்கர் அரசில் உத்தியோகம் பார்த்த தாயுமானவர், எல்லாவற்றையும் விட்டு உங்கள் பின்னாலேயே வருகிறேன் என்று மௌனகுருவிடம் நின்றார். குரு சேர்த்துக்கொள்ளவில்லை. இல்லறத்தில் இரு, ஒரு பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம், அதுவரை சும்மா இரு என்று திருப்பி அனுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தகுதியான சீடன் தானாக வந்து நின்றும், காத்திரு என்கிறார் அவர். உங்கள் ஊர்க்காரரோ உங்களைப் பற்றி எதுவுமே கேட்காமல் தேதி குறிக்கிறார்.

என் இளவயதில் நான் போய் நின்ற ஆசான் ஆறு மாதம் என்னைக் கண்ணை மூடவே விடவில்லை. நேற்று யாரிடம் கோபப்பட்டாய் என்று மட்டும் தினமும் கேட்பார். எனக்கு அது அவமானமாக இருந்தது. தியானம் கேட்டு வந்தால் வீட்டுக் கதை கேட்கிறாரே என்று. அம்மாவிடம் நான் எரிந்து விழுவது குறைந்ததை முதலில் கவனித்தவள் என் தங்கை. அதன் பிறகுதான் அவர் தியானம் சொல்லித் தந்தார்.

அந்த மூன்று நாள் வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும், தூக்கம் வந்ததா என்பதையும் எனக்கு எழுதுங்கள்.