கனம் எங்கே போயிற்று? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்தைச் சேர்ந்த தி கேதரிங் ராக் இசைக்குழுவின் ‘மாண்டிலியன்’ (1995) இசைத்தொகுப்பை நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் கேட்டேன், மிகவும் பிடித்துப்போயிற்று. அதே ஆவலுடன் 1998இல் வெளிவந்த ‘ஹவ் டு மெஷர் எ பிளானட்?’ இரட்டைத் தொகுப்பைக் கேட்டபோது ஏமாற்றமே மிஞ்சியது. கனத்த கிதார்களும் இருண்ட மனநிலையும் கொண்ட ராக் வகையான கோதிக் மெட்டலின் கனம் அதில் இல்லை. இறுதியில் அரை மணி நேரத்துக்குப் பாட்டே கிடையாது. தங்கள் பலத்தை அவர்கள் ஏன் கைவிட்டார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் அதைக் கைவிட்டதாக நான் கருதவில்லை. ‘மாண்டிலியன்’ தொகுப்பில் இரண்டு கிதார்கள் சேர்ந்து ஒரு சுவரை எழுப்புகின்றன. பாடகி அன்னக்கே ஃபான் கீர்ஸ்பெர்கனின் குரல் அதைத் தாண்டி ஒலிப்பதற்காகவே உச்சத்துக்குப் போகிறது. யெல்மர் வீர்ஸ்மா விலகிய பின், ரெனே ருட்டன் ஒருவரே கிதார் கலைஞராக எஞ்சிய நிலையில் உருவானது 1998ஆம் ஆண்டுத் தொகுப்பு. அந்த இடைவெளியில் ஃபிராங்க் பூயனின் கீபோர்டும், நீண்டு ஒலித்து மெல்லத் தேயும் கிதார் ஒலிகளும் பரவுகின்றன. குரலுக்குப் போட்டி இல்லாததால், முதல் பாடலான ‘ஃப்ரெய்ல்’ பாடலில் அன்னக்கே நம் அருகில் அமர்ந்து பேசுவதைப்போல அவ்வளவு தணிந்து பாட முடிகிறது. அவருடைய ஆகச் சிறந்த பாடல்கள் இத்தொகுப்பில்தான் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

கனமான கிதார் வேண்டுமென்றால் ‘லிபர்ட்டி பெல்’ பாடலிலும், இரண்டாம் தட்டில் உள்ள ‘ப்ராபப்ளி பில்ட் இன் த ஃபிஃப்டீஸ்’ பாடலிலும் அது இருக்கிறது. ஆனால் இந்தத் தொகுப்பின் உண்மையான கனம் ‘டிராவல்’ பாடலில் வெளிப்படுகிறது. ஒன்பது நிமிடங்களுக்கு நீளும் அந்தப் பாடல் அவசரமே இல்லாமல் தொடங்கி, ஒவ்வொரு வாத்தியமாகத் திரண்டு, முடிவை நெருங்கும்போதுதான் தன் முழு எடையையும் நம்மீது இறக்குகிறது; அதற்குமுன் அவர்கள் அத்தனை நேரம் பொறுத்திருந்ததால்தான் அந்த எடை நமக்கு உறைக்கிறது.

பாட்டே இல்லாத அந்த இறுதிப் பகுதியை, அதாவது தலைப்புப் பாடலைப் பற்றி நீங்கள் சொல்வதை ஓரளவு ஏற்கிறேன். 28 நிமிடங்களுக்கு மேல் ஓடும் அதைத் தனி இசைக்கோவையாக எடுத்துக் கேட்டால் நிறைவு கிடைப்பதில்லை. பயணமும் தொலைவும் மீண்டும் மீண்டும் வரும் ஒரு தொகுப்பின் கடைசியில் அதற்கு இடமுண்டு, அவ்வளவுதான்.

முதல் தட்டை மட்டும் தனியாக, ‘டிராவல்’ முடியும்வரை கேளுங்கள். இரண்டாவதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னால், இரு தொகுப்புகளுக்கும் இடையே 1997இல் வந்த ‘நைட்டைம் பேர்ட்ஸ்’ தொகுப்பைக் கேட்பது நல்லது. நீங்கள் விரும்பும் அந்தக் கிதார்கள் அதில் இன்னும் இருக்கின்றன.